ஊருக்கு வரும்போது கண்பைக்கு லேசர்: இராமநாதபுரம் கடற்கரைக்கு வருவோர் கவனத்துக்கு

விமானத்திலிருந்து இறங்கிய முகத்தைக் கண்ணாடியில் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். லண்டனிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ வருகிறவருக்கு ஓர் இரவுத் தூக்கமாவது போயிருக்கும். விமானச் சாப்பாட்டில் உப்பு அதிகம். மதுரையில் இறங்கிய பிறகும் இரண்டரை மணி நேரம் காரில் வர வேண்டும். வீட்டுக்குள் நுழைந்தால் கருவாட்டுக் குழம்பு, மறுநாள் நண்டு, கூடவே அப்பளம், ஊறுகாய். கீழிமை வீங்காமல் என்ன செய்யும்? முதல் வாரத்தில் தெரிவதில் பெரும்பகுதி நீர்க்கோர்வை; அது தானாகவே வடிந்துவிடும். ஆனால் கண்ணெல்லாம் ஏன் இப்படி வீங்கியிருக்கிறது என்று பெரியம்மா கேட்ட அன்று இரவே, "கத்தியில்லை, தையலில்லை" என்று விளம்பரம் செய்யும் கிளினிக்குகளைக் கைபேசியில் தேட ஆரம்பிக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் தேடல் இன்னும் வேகமாகிவிடும்.

பத்து நாள் பொறுங்கள். உப்பைக் குறையுங்கள், தலையணையைச் சற்று உயர்த்தித் தூங்குங்கள். அதற்குப் பிறகும் கண்ணுக்குக் கீழே பை இருந்தால் அது எந்த வகை என்று பாருங்கள். லேசர் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி அதற்கப்புறம்தான்.

காலையில் பெரிதாக இருந்து மாலைக்குள் சுருங்கினால் அது நீர். பகல் முழுவதும் ஒரே அளவில் இருந்து, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே உயர்த்தும்போது இன்னும் புடைத்தால் அது கொழுப்பு. கண் குழிக்குள் இருக்கும் கொழுப்பைத் தாங்கும் மெல்லிய சவ்வு வயதாக ஆகத் தளர்கிறது, கொழுப்பு முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. சில குடும்பங்களில் இது முப்பது வயதுக்குள்ளேயே தெரியும். தோலை மெல்லக் கிள்ளி விட்டால் உடனே பழைய இடத்துக்குத் திரும்பாமல் சுருக்கமாக நின்றால் அது தோல் தளர்ச்சி. பலருக்கு இரண்டு மூன்று வகைகள் கலந்தே இருக்கும்.

வெட்டில்லாத லேசர் நன்றாக வேலை செய்வது மூன்றாவது வகையில்தான். கார்பன் டை ஆக்ஸைடு லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர், எர்பியம் யாக் லேசருக்கு 2,940. இரண்டையும் தோலில் உள்ள நீர் உறிஞ்சிக்கொள்கிறது. அந்தச் சூட்டில் மேல்தோல் நுண்ணிய அளவில் ஆவியாகிறது, அடியிலிருந்து தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் சுருங்குகிறது, பிறகு புதிதாகவும் உருவாகிறது. 2004 முதல் பேசப்படும் ஃபிராக்ஷனல் முறையில் தோல் முழுவதையும் சுடாமல் புள்ளி புள்ளியாகச் சுட்டு, இடையில் நல்ல தோலை விட்டுவைப்பார்கள். அதனால் சீக்கிரம் ஆறும். 1,550 நானோமீட்டர் போன்ற அலைநீளங்களில் மேல்தோலைப் புண்ணாக்காமல் உள்ளே மட்டும் சூடேற்றும் கருவிகளும் உண்டு. பக்கவிளைவு குறைவு, பலனும் குறைவு.

இவற்றில் எதுவும் முன்தள்ளிய கொழுப்பை எடுத்துவிடாது. தோல் இறுகுவதால் பை கொஞ்சம் அடங்கித் தெரியலாம், அவ்வளவே. கொழுப்புக்கு உரிய தீர்வு இமை அறுவைசிகிச்சை. இமையின் உட்புறம் வழியாகவே செய்யலாம் என்பதால் வெளியே தழும்பு தெரியாது. 1,444 நானோமீட்டர் லேசர் இழையைத் தோலுக்கடியில் செலுத்திக் கொழுப்பைக் கரைக்கும் முறை ஒன்றும் இருக்கிறது. ஊசித் துளை வழியே உள்ளே போகும் ஒன்றை "தோலையே தொடாத சிகிச்சை" என்று விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நம் தோல், இந்த ஊர் வெயில்

1975இல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் மருத்துவர் வகுக்கத் தொடங்கி, பின்னர் ஆறாக விரிந்த தோல் வகைகளில் நம்மில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரை வருவோம். சூடு பட்டால் இந்தத் தோல் கருக்கும். புண் ஆறிய பிறகு அந்த இடம் மாதக்கணக்கில் கருமையாகவே நிற்கலாம். பையைக் குறைக்கப் போய்க் கருவளையத்தோடு திரும்புவது அப்படித்தான். எனவே நம் தோலுக்குச் சக்தியைக் குறைத்து, இடைவெளி விட்டு, பல அமர்வுகளாகச் செய்வதே பாதுகாப்பு. இந்த ஒரு விஷயத்தில் ஊரில் செய்துகொள்வதற்கு நியாயம் உண்டு: மாநிறமும் கறுப்புமான தோலைத் தினமும் பார்க்கும் மருத்துவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஐரோப்பாவின் சிறு நகரத்தில் அந்த அனுபவம் கிடைப்பது கடினம்.

ஆனால் வெயிலை என்ன செய்வது? லேசருக்கு நான்கு வாரம் முன்பும் நான்கு வாரம் பின்பும் முகத்தில் நேர் வெயில் படக்கூடாது என்பார்கள். நமக்கோ தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. தனுஷ்கோடிச் சாலையில் இரண்டு பக்கமும் நீரும் மணலும் ஒளியைத் திருப்பி முகத்தில் அடிக்கும்; தொப்பி போட்டாலும் கீழிருந்து வரும் ஒளிக்குத் தடையில்லை. அரியமான் கடற்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாமல் இருக்க முடியுமா? இராமேசுவரத்தில் அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொள்வதும் ஆறாத புண்ணுக்கு ஆகாது. ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக்குப் போகும் கூட்டமும் தூசியும் அப்படியே. இவற்றை எல்லாம் விட்டுவிட்டு உள்ளறையில் உட்காரத்தான் ஊருக்கு வந்தீர்களா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். நான் என்றால் தீர்த்தமாட முதல் வாரத்திலேயே போய் வந்துவிடுவேன்.

இந்த மாவட்டத்துக்கென்று இன்னொரு காரணமும் உண்டு: சீமைக்கருவேலம். கண்ணுக்கெட்டிய தூரம் அதுதான், அதன் மகரந்தம் ஒவ்வாமை தரக்கூடியது. ஊருக்கு வந்ததும் கண் அரித்து, கசக்கிக் கசக்கி இமை தடித்துப்போகிறது என்றால் உங்களுக்குத் தேவை ஒவ்வாமைச் சொட்டு மருந்தாக இருக்கலாம். அரிப்பு அடங்கினால் வீக்கமும் அடங்கும்.

நாட்காட்டி ஒத்துவருமா?

நான்கு வார விடுப்பில் இது முழுமையாக முடியாது. வழக்கமாக அமர்வுகளுக்கு இடையே நான்கு முதல் ஆறு வாரம் விடுவார்கள், கொலாஜன் உருவாகிப் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். புண்ணாக்கும் லேசர் என்றால் முதல் சில நாள் வீக்கம் கூடும், தோல் உரிந்து மூட ஒரு வாரம், பத்து நாள். சிவப்பு அதன் பிறகும் நிற்கும். ஆக, வரும் சனிக்கிழமைக் கல்யாணத்துக்கு இந்தத் திங்கட்கிழமை லேசர் செய்தால், மணமகனைவிட உங்களைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரமும் வேண்டாம். தொற்றோ கருமையோ தலைகாட்டும்போது நீங்கள் விமானத்தில் இருப்பீர்கள்.

இரண்டு மாதத்துக்கு மேல் தங்குகிறவர்கள், அதுவும் மழைக்காலத்தில் வருகிறவர்கள், ஓர் அமர்வை யோசிக்கலாம். செய்துகொண்டால் கருவியின் பெயர், அலைநீளம், பயன்படுத்திய சக்தியின் அளவு, தேதி ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போய்த் தொடர நினைக்கும்போது மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

இரத்தப் பரிசோதனைக்கும் தோல், கண் மருத்துவர் பார்வைக்கும் இராமநாதபுரம் நகரமே போதும். 2022இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் அங்கே இருக்கிறது. லேசருக்கு நாலு இடம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் மதுரைக்குப் போங்கள். பரமக்குடி, மானாமதுரை வழியாக நூற்றுப் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆலோசனைக்கு பஸ்ஸில் போகலாம். சிகிச்சை நாளன்று மட்டும் கார் பிடித்து, வெயில் தாழ்ந்த பிறகு திரும்புங்கள். ஜன்னலோரக் காற்றும் புழுதியும் அன்று ஆகாது.

அழகு நிலையத்தில் கண்ணுக்கு அருகே லேசர் வைக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டிப்ளமோ முடித்தவரா, இமைச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற கண் மருத்துவரா என்று கேளுங்கள். மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. இமை மேலேயே சுடுவதாக இருந்தால், மரப்புச் சொட்டு விட்டு, கண்ணுக்குள் உலோகக் கவசம் வைப்பீர்களா என்று கேளுங்கள். வெறும் கண்ணாடி போதும் என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். கீழிமையை இழுத்துவிட்டு அது எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சோதிக்காத மருத்துவரிடமும் தயங்குங்கள். தளர்ந்த இமையை லேசர் சுருக்கினால் இமை வெளிப்புறமாகப் பிதுங்கிவிடலாம். மறைவான இடத்தில் சிறு புள்ளி சுட்டுப் பார்த்துச் சில வாரம் காத்திருப்பது நல்லது. அழகுக்கான சிகிச்சைக்கு ஜிஎஸ்டி உண்டு என்பதால் வரி, மரப்பு மருந்து, பிந்தைய களிம்பு எல்லாம் சேர்த்த தொகையைக் கேளுங்கள்.

நீங்கள் மறைக்காமல் சொல்ல வேண்டியவையும் உண்டு: பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டது, உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருவது, தழும்பு தடித்து வளரும் உடம்பு, கர்ப்பம், இமையில் குத்திக்கொண்ட நிரந்தர மை. சுருமாவைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போங்கள். மருந்துக்கடையில் வாங்கும் "வெளுப்புக் கிரீம்" பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. கண்ணைச் சுற்றித் தொடர்ந்து தடவினால் தோல் மெலியும், கண் அழுத்தமும் ஏறலாம். அதையும் சொல்லிவிடுங்கள்.

லேசரை மறந்துவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டிய வீக்கமும் இருக்கிறது. ஒரு கண் மட்டும் சிவந்து வலித்துக் காய்ச்சலோடு வீங்குவது, பார்வை இரண்டாகத் தெரிவது, விழி முன்னால் தள்ளுவது ஆகியவை அந்த ரகம். முகத்தோடு காலும் வீங்கி, சிறுநீரில் நுரை நின்றால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். உடல் எடை கூடி, சோர்வும் சேர்ந்தால் தைராய்டு.

கல்யாணம் மட்டும்தான் கவலை என்றால் செலவில்லாத வழி இருக்கிறது. முந்தைய இரண்டு நாள் கருவாட்டைத் தள்ளி வையுங்கள். காலையில் குளிர்ந்த துணியைப் பத்து நிமிடம் கண்மேல் போடுங்கள். வீடியோக்காரரிடம், விளக்கை நேர் மேலே பிடிக்காமல் முகத்துக்கு நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள். மேலிருந்து விழும் வெளிச்சம்தான் பைக்குக் கீழே நிழல் போட்டு அதை இரண்டு மடங்காகக் காட்டுகிறது.