படக்கதையும் பிள்ளையின் விளையாட்டும்: பெரியவர்கள் விடும் பிழைகள்

பூனைக்கு எலி கூட்டாளி, யானைக்கு நாய் சிநேகிதம் என்று வரும் படக்கதைப் புத்தகங்களைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டும்போது அதிகம் நடக்கும் பிழை கடைசிப் பக்கத்தில்தான். புத்தகத்தை மூடின கையோடு, "சரி, இந்தக் கதையில இருந்து என்ன படிச்சனி?" என்று ஒரு கேள்வி. பிள்ளையும் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல "ஒற்றுமையா இருக்கவேணும்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். பஞ்சதந்திரத்தின் குரங்கு முதலைக் கதையைக் கேட்ட எவருக்கும் நினைவில் நிற்பது நீதியா? "இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்" என்று குரங்கு அவிழ்த்துவிட்ட பொய்தானே! அந்தப் பொய்யை வைத்து இன்னொரு கதை கட்டலாம். நீதியை வைத்து ஒன்றும் கட்ட முடியாது.

அடுத்தது, பாதிக் கதையில் குறுக்கே விழுந்து "இப்பிடி எங்கயாவது நடக்குமே?" என்பது. நடந்திருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமி நாட்களில் கென்யாக் கரையில் தாயைப் பிரிந்து தவித்த ஒரு நீர்யானைக் குட்டியை மீட்டு, மொம்பாசாவில் உள்ள ஹாலர் பூங்காவில் விட்டார்கள். பெயர் ஓவன். அது நேரே போய் ஒட்டிக்கொண்டது நூறு வயது தாண்டிய ம்ஸே என்ற இராட்சத ஆமையோடு. ஆமைக்கு முதலில் பிடிக்கவில்லை, விலகி விலகிப் போனது. பிறகு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து உறங்கின.

இந்த உண்மைக் கதை தெரிந்தவர்கள் விடும் பிழை வேறு. "பார், எவ்வளவு அன்பு!" என்று உருகி அதோடு நிறுத்திவிடுவார்கள். நீர்யானைக் குட்டி தாயின் அருகை விட்டு அகலாதது. தாய் இல்லாத இடத்தில், பெரிதாக உருண்டு திரண்டு இருந்த ஆமை அதற்குத் தஞ்சமாகத் தோன்றியிருக்கலாம். வளர்ந்து பாரமான பிறகு ஓவனை இன்னொரு நீர்யானையோடு சேர்த்தார்கள். இதையும் சொல்லுங்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு இது தாங்கும். "அப்ப ஆமை தனியா என்ன செய்தது?" என்று கேட்டால் உங்களுக்கு நல்ல பொழுது.

ஒரு எச்சரிக்கை மட்டும் வேணும். புத்தகத்து நாய் எல்லோரோடும் சிநேகிதம் என்பதற்காக ஒழுங்கையில் படுத்திருக்கும் நாயின் வாலைப் பிடிக்கப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் இலங்கையில் விசர்நாய்க்கடி இன்னும் இல்லாமல் போகவில்லை. தெரியாத நாயைத் தொடக்கூடாது என்பதைக் கதைக்கு நடுவில் சொருகாமல், தெருவில் நடக்கும்போது சொல்லுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இனி விளையாட்டு. கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளில் கதிரையைக் கவிழ்த்து, மேலே தலையணையைப் போட்டால் ஆமை வந்துவிடும். அந்த நேரம் உள்ளே வரும் பெரியவர், "ஆமை இவ்வளவு வேகமா ஓடாது" என்று திருத்துவார், அல்லது "நான் நீர்யானை, நீ ஆமை, வா" என்று தானே இயக்குநர் ஆகிவிடுவார். இரண்டும் வேண்டாம். பிள்ளை உங்களைக் கல்லாக இருக்கச் சொன்னால் பேசாமல் கல்லாக இருங்கள். என் தங்கையின் மகன் வாய்க்கால் கரையில் கண்ட கபரக்கொய்யா என்ற பெரிய நீர் உடும்பையும் பெயிரா ஏரிக் கூழைக்கடாவையும் கூட்டாளி ஆக்கி விளையாடினான். "கபரக்கொய்யா முட்டை தின்னுமே, கூழைக்கடா என்ன செய்யும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "முட்டையைக் காவல் காக்கிறதே அவர்தான், சம்பளம் மீன்" என்றான். இதற்கு மேல் என்ன திருத்த?

வாங்கும்போதும் பிழை நடக்கிறது. செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்துப் புத்தகக் கண்காட்சியில், "எழுத்தே இல்லை, இதுக்கா இவ்வளவு காசு?" என்று திருப்பி வைக்கிறார்கள். எழுத்தில்லாத புத்தகத்தில் பிள்ளைதான் வாசிப்பவர், நீங்கள் கேட்பவர். சிங்களப் படக்கதை என்று ஒதுக்குவதும் தேவையில்லை, படத்தைப் பார்த்துத் தமிழில் கதை சொல்லலாம். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள். நாலாம் முறைதான், மூலையில் குடை பிடித்து நிற்கும் தவளையைப் பிள்ளை காண்கிறது. நீங்கள் அதற்குள் பக்கத்தைத் திருப்பிவிடாமல் இருந்தால் சரி.