ஃப்ளேம்ப்ரூஃப் பாக்ஸ் மாட்டுவது எப்படி: நேம்ப்ளேட் முதல் கடைசி போல்ட் வரை

சால்வென்ட், எரிவாயு புழங்கும் ஆலையில் மின்வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? ஃப்ளேம்ப்ரூஃப் ஜங்ஷன் பாக்ஸ் (கேபிள்களை இணைக்கும் பெட்டி, உள்ளே வெடித்தாலும் சுடரை வெளியே விடாதது) ஒன்றை மாட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் அந்த இடம் எந்த ஜோன் என்று ஆலையின் வரைபடத்தில் பாருங்கள். எரியும் வாயு எப்போதும் அல்லது நெடுநேரம் தேங்கியிருக்கும் இடம், உதாரணமாக டேங்கின் உட்புறம், ஜோன் 0. வழக்கமான வேலையின்போதே அவ்வப்போது வரக்கூடும் என்றால் ஜோன் 1. சாதாரணமாக வராது, வந்தாலும் கொஞ்ச நேரம்தான் என்றால் ஜோன் 2. (தூளுக்கு 20, 21, 22 என்று தனி வரிசை, தனிச் சான்று.)

அப்புறம் நேம்ப்ளேட். ‘எக்ஸ் டிபி ஐஐபி டி4 ஜிபி’ என்று இருந்தால், டிபி என்பது ஃப்ளேம்ப்ரூஃப், ஐஐபி என்பது வாயுக் குழு (சுடர் எவ்வளவு குறுகிய இடுக்கில் நுழையும் என்பதை வைத்துப் பிரித்தது), டி4 என்றால் மேற்பரப்புச் சூடு 135 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, ஜிபி என்றால் ஜோன் 1, 2 இரண்டிலும் மாட்டலாம். குழுவும் வெப்ப வகுப்பும் ஒன்றல்ல, இங்கேதான் நிறைய பேர் தவறுகிறார்கள். ஹைட்ரஜன் தானாகப் பற்றிக்கொள்ள 500 டிகிரிக்கு மேல் வேண்டும், அதனால் டி1 (450 டிகிரி வரை) போதும். ஆனால் அதன் சுடர் மிக நுண்ணிய இடுக்கிலும் நுழைந்து வெளியேறிவிடும், எனவே ஐஐசி பெட்டிதான் வேண்டும். இந்த ஐஐபி பெட்டி அங்கே ஆகாது.

சரி, இந்தப் பெட்டி வாயுவை உள்ளே விடாமல் தடுக்கும் என்று நினைக்காதீர்கள். வாயு உள்ளே போகும், வெடிக்கவும் செய்யலாம். அதைத் தாங்கும் அளவுக்குப் பெட்டி கனமானது. வெளியேறும் சூடான வாயு மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள குறுகிய இடுக்கில் ஊர்ந்து வரும்போதே தணிந்துவிடும், வெளியே இருப்பதைப் பற்றவைக்காது. அந்த இடுக்கின் இருபுறமும் உள்ள உலோக முகத்தில் பெயின்ட் அடிக்காதீர்கள், உப்புத்தாள் போடாதீர்கள், ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பாதீர்கள். ஃபிளேஞ்ச் வகைப் (மூடியும் பெட்டியும் தட்டையான விளிம்புகளில் சேரும்) பெட்டியென்றால், இடுக்குக்கு நேரெதிரே சுவரோ பைப்போ நெருங்கி இருக்கக்கூடாது: ஐஐபிக்கு குறைந்தது 30 மில்லிமீட்டர், ஐஐசிக்கு 40.

கேபிள் கிளாண்டும் (கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் இறுக்கிப் பிடிக்கும் பொருத்தி) எக்ஸ் டிபி சான்று பெற்றதாக, அந்தக் கேபிளுக்குப் பொருந்துவதாக இருக்கட்டும். பயன்படாத துளையைச் சான்று பெற்ற உலோகப் பிளக்கால் மூடுங்கள், பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் மூடி தூசுக்கு மட்டும்தான்.

கடைசியாக போல்ட்கள். எட்டுத் துளையில் மூன்றே போல்ட் போட்டு, “அடுத்த வாரம் திறக்கத்தானே போறோம்” என்று விட்டிருந்த பெட்டியை நான் பார்த்திருக்கிறேன். வெடிப்பின் அழுத்தத்தில் அந்த மூடி மேலெழும்பும், இடுக்கு அகலும், அதோடு பெட்டியின் வேலை முடிந்தது. எட்டும் போட வேண்டும், தயாரிப்பாளர் சொன்ன அதே தரம், அதே நீளம், அதே முறுக்கு. முடித்ததும் ஃபீலர் கேஜால் (இடுக்கை அளக்கும் மெல்லிய உலோகத் தகடுகள்) இடுக்கைச் சுற்றிலும் அளந்து, பதிவேட்டில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகே சப்ளை கொடுக்கச் சொல்லுங்கள்.