சூரிச் டிராம்: டிக்கெட் முதலில், கால் அப்புறம்

சூரிச்சுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: இங்கே டிராமில் கண்டக்டர் கிடையாது. பஸ்ஸிலும் கிடையாது. நம் ஊரில் ஓடிப்போய் ஏறி, கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சில்லறையை நீட்டினால் போதும், டிக்கெட் நம்மைத் தேடி வரும். இங்கே வண்டி நகர்வதற்கு முன்பே டிக்கெட் கையில் இருந்தாக வேண்டும். நகர்ந்த பிறகு எடுத்தால், முழுப் பணம் கட்டியிருந்தாலும் அது செல்லாது.

முறைப்படி செய்ய வேண்டியவை அதிகமில்லை. சூரிச் மாநிலம் முழுக்க டிராம், பஸ், எஸ்-பான் எனப்படும் புறநகர் ரயில், படகு எல்லாம் இசட்.வி.வி. என்ற ஒரே கட்டண அமைப்புக்குள் வருகின்றன. ஊர் ஜோன்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நகரம் 110. விமான நிலையம் 121. ஒரு டிக்கெட் எடுத்தால் அந்த ஜோனுக்குள் எதிலும் மாறி மாறி ஏறலாம். நகருக்குள் மட்டும் என்றால் ஒரு மணி நேரம் செல்லும். 24 மணி நேர டிக்கெட்டின் விலை இரண்டு ஒற்றை டிக்கெட்டின் விலைதான். ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் யோசிக்காமல் அதை எடுத்துவிடலாம்.

சரி, இப்போது என் நண்பன் வீட்டுக் கதைக்கு வருகிறேன். திருநெல்வேலியிலிருந்து அவன் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். மூன்று பேரும் ஏரிக்கரைக்குக் கிளம்பினார்கள். அம்மா பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, எலுமிச்சை சாதம் கட்டிய பையை மடியில் வைத்திருந்தார். நிறுத்தத்தில் நிற்கும்போதே அப்பா கேட்டிருக்கிறார்: "டிக்கெட் எடுத்தாச்சாப்பா?" இவன், "ஏறுங்கப்பா, போன்ல எடுத்துட்டே இருக்கேன்" என்றிருக்கிறான். இவனிடம் இருந்தது நம் ஊர் வங்கி அட்டை. பணம் போக ஓடிபி வர வேண்டும். டிராம் கதவு மூடியது, வண்டி நகர்ந்தது, அதற்கப்புறம்தான் ஓடிபி வந்தது. டிக்கெட்டும் வந்தது, மூன்று பேருக்கும் முழுக் கட்டணத்தில்.

அடுத்த நிறுத்தத்தில் சாதாரண உடையில் இருவர் ஏறி, கதவு மூடியதும் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார்கள். போன் திரையில் டிக்கெட் வாங்கிய நேரம் பதிவாகியிருந்தது. அது டிராம் புறப்பட்டதற்குப் பிந்திய நேரம். அவ்வளவுதான். ஓடிபி தாமதமானதையெல்லாம் அங்கே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தலைக்குச் சுமார் நூறு பிராங்க் வீதம் அபராதம். மூன்று பேருக்கும் சேர்த்தால் ஏறக்குறைய முப்பதாயிரம் ரூபாய். பணத்தைவிட அவன் அப்பாவுக்கு வலித்தது வேறு. "டிக்கெட் இல்லாம போனவன்னு எழுதிட்டாங்களே" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஏரிக்கரையில் உட்கார்ந்து அந்தச் சாதத்தை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இதில் எனக்குக் கோபம் வருவது நம் ஆட்கள் மீதுதான். "சும்மா ஏறுங்க, செக்கர் வந்தா அப்போ போன்ல எடுத்துக்கலாம்" என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற சீனியர்கள் ஒவ்வொரு அலுவலகத்திலும் இருக்கிறார்கள். அந்த யோசனைக்கு வழி விடக்கூடாது என்றுதான் விதியையே இப்படி எழுதியிருக்கிறார்கள்: வண்டி உண்மையில் புறப்படுவதற்கு முன் வாங்கி முடித்திருக்க வேண்டும். வாங்க ஆரம்பித்திருந்தால் போதாது. ஏமாற்ற நினைக்கிறவனுக்காக எழுதிய விதியில் நேர்மையானவனும் சிக்குகிறான். பிடிபட்டவர்களின் பெயர் 2019 முதல் நாடு முழுவதற்குமான பொதுப் பதிவேட்டில் ஏறுகிறது. இரண்டு வருடம் அங்கே இருக்கும். அதற்குள் மறுபடி சிக்கினால் அபராதம் கூடும்.

ஆகவே உள்ளூர் வங்கி அட்டை கைக்கு வரும்வரை போனை நம்பாதீர்கள். நிறுத்தத்தில் இருக்கும் இயந்திரத்தில் எடுங்கள். ஆங்கிலத்திலும் பேசும், அட்டையும் வாங்கும். டிராம் வந்துவிட்டதே என்று பதறவும் வேண்டாம். நகருக்குள் பகல் நேரத்தில் பெரும்பாலான தடங்களில் சில நிமிடங்களில் அடுத்தது வந்துவிடும். ஏறும்போது தொடங்கி இறங்கியதும் நிறுத்தினால் தானே கட்டணம் கணக்கிடும் ஈஸிரைடு வசதியைப் போனில் பயன்படுத்துகிறவர்கள் கீழே நிற்கும்போதே பொத்தானைத் தள்ளிவிட்டு ஏற வேண்டும், இறங்கியதும் மறக்காமல் நிறுத்த வேண்டும்.

அடுத்து, எல்லை தெரியாமல் மாட்டிக்கொள்வது. சூரிச் தலைமை ரயில் நிலையத்தில் தரைக்கடியில் 21, 22 என்று இரண்டு நடைமேடைகள் இருக்கின்றன. அங்கிருந்துதான் எஸ்10 ரயில் ஊட்லிபெர்க் மலைக்குப் போகிறது. எஸ்4 ரயில் பக்கத்து ஊரான அட்லிஸ்வில் வழியாகப் போகிறது. அங்கே முருகன் கோயில் இருக்கிறது. குன்றுக்கும் குமரனுக்கும் ஒரே இடத்தில் ரயில் ஏறுகிறோம் என்று எங்கள் வீட்டில் சொல்லிக்கொள்வோம். ஆனால் இரண்டுமே 110க்கு வெளியே. அட்லிஸ்வில் 150வது ஜோன். நகர டிக்கெட்டோடு ஏறிவிட்டு "இது சூரிச் தானே" என்று சொன்னால் எடுபடாது. இயந்திரத்தில் ஜோன் எண்ணைத் தேடிக் குழம்பாமல், போகும் நிலையத்தின் பெயரைத் தட்டுங்கள், அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஒரே நாளில் மலை, கோயில், பக்கத்து நகரமான விண்டர்டூர் என்று சுற்றுவதானால் ஒன்பது மணி பாஸ் இருக்கிறது. வார நாளில் காலை 9 மணியிலிருந்து மறுநாள் அதிகாலை 5 வரை மொத்த இசட்.வி.வி. பகுதியிலும் செல்லும், சனி, ஞாயிறில் காலையிலிருந்தே செல்லும்.

ஊட்லிபெர்க் 870 மீட்டர்தான், ஆனால் நவம்பர் மாதத்தில் அதன் அருமை தெரியும். கீழே நகரம் நாள்கணக்கில் மூடுபனிக்குள் கிடக்கும். ரயிலில் ஏறி அரை மணிக்குள் மேலே போனால் பல நாள் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். வெயிலுக்காகவே நான் போயிருக்கிறேன். வெயிலைத் திட்டியே வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு முதல் குளிர்காலத்தில் அந்த வெளிச்சம் என்ன செய்யும் என்பதை அங்கே நின்றால்தான் புரியும்.

ஹால்ப்டாக்ஸ் என்ற பாதிக் கட்டணச் சலுகை அட்டை எடுத்தவர்களுக்கு ஒன்று. அந்தச் சலுகை அட்டைக்காரருக்கு மட்டும்தான். அப்பா, அம்மாவுக்கு டிக்கெட் எடுக்கும்போது செயலியில் தவறுதலாகப் பாதிக் கட்டணம் தேர்வாகிவிட்டதா என்று பாருங்கள். அப்படி எடுத்த டிக்கெட்டுக்கும் அபராதம் உண்டு. அட்டை தானாகவே அடுத்த வருடத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளும்; ஊருக்குத் திரும்புகிறவர்கள் முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும். பிள்ளைகளுக்கு உயரம் அளக்கிற வழக்கம் இங்கே இல்லை, வயதுதான். பெரியவர்களோடு வந்தால் ஆறு வயதுக்குள் இலவசம், அதற்குமேல் 16 வரை குறைந்த கட்டணம்.

நகர டிக்கெட்டுக்குள்ளேயே பார்க்க நிறைய இருக்கிறது. சென்ட்ரல் நிறுத்தத்துக்கு எதிரே பாலிபான் என்ற சிவப்பு நிறக் கம்பிவட ரயில் பெட்டி மேட்டில் ஏறும். 1889லிருந்து ஓடுகிறது, இரண்டு நிமிடம்கூட ஆகாது, அதே டிக்கெட் போதும். மேலே ஐன்ஸ்டைன் படித்த இ.டி.எச். பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் முற்றத்திலிருந்து பழைய நகரம் முழுதும் தெரியும். கோடையில் லிம்மாட் ஆற்றுப் படகுக்கும் அதே டிக்கெட்தான்.

பெற்றோர் வந்தால் நான் கட்டாயம் கூட்டிப் போகச் சொல்வது ரீட்பெர்க் அருங்காட்சியகத்துக்கு. 7ஆம் எண் டிராம், நிறுத்தத்தின் பெயரே அதுதான். உள்ளே சோழர் காலத்து நடராசர் இருக்கிறார். கண்ணாடிப் பெட்டிகள் நடுவே, விபூதியும் இல்லாமல் விளக்கும் இல்லாமல் அவரைப் பார்க்கும்போது பெருமையும் வருத்தமும் சேர்ந்து வரும். என் அம்மா செருப்பைக் கழற்றப் போனார், காவலர் ஒன்றும் சொல்லவில்லை. அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும். அன்றைக்கு வானம் மூடியிருந்தால் 21, 22க்குப் போய் மலைக்கு ஏறுங்கள், டிக்கெட்டை மட்டும் 110ஐத் தாண்டி எடுத்துக்கொண்டு.