ஆட்டோகேடில் அகராதி காணாமல் போனால்

மன்னார்குடியில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் வரைபடக் கடை வைத்திருக்கிறேன். வாய்க்கால் குறுக்குவெட்டு, மதகு, கல்வெர்ட், வீட்டு பிளான் என்று எது வந்தாலும் வரைவேன். மே மாதம் பிறந்தால் தூக்கம் போய்விடும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டால் ஆற்றுக்குள் வேலை பார்க்க முடியாது என்று ஒப்பந்தக்காரர்கள் வாசலிலேயே நிற்பார்கள். அப்படி ஒரு மே மாதத்தில்தான், நான் வரையப் பயன்படுத்தும் மென்பொருளான ஆட்டோகேடில் எழுத்துப்பிழை அகராதி காணாமல் போனது.

தொலைத்தது என் அக்காள் மகன். "மாமா, சி டிரைவ் நிரம்பிவிட்டது, கொஞ்சம் சுத்தம் செய்கிறேன்" என்றான். செய்தான். மென்பொருள் வழக்கம்போலத் திறந்தது, கோடு போட்டது, பிரிண்ட் எடுத்தது. எழுத்துப்பிழை பார்க்க ஸ்பெல் என்று கட்டளை கொடுத்தபோது மட்டும், அகராதியைத் திறக்க முடியவில்லை என்று ஒரு பெட்டி வந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டேன். 14 தாள்கள் அச்சாகிப் போயின. மறுநாள் ரெகுலேட்டர் என்ற சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போனதைப் பொறியாளர் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். வேலையின் பெயர் எழுதும் ஓரக் கட்டமான டைட்டில் பிளாக் எல்லாத் தாளிலும் ஒன்றே, ஆகவே 14 வட்டங்கள்.

டிரேசிங் தாளில் மசிப் பேனாவால் எழுதிய காலத்தில் பிளேடால் சுரண்டிச் சரிசெய்துவிடுவேன். இப்போது மறுபடி பிரிண்ட் போட வேண்டும், காசு என் கையிலிருந்து.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டோகேடில் இரண்டு அகராதிகள் உண்டு. ஒன்று முதன்மை அகராதி; மென்பொருளோடு வருவது, நாம் கை வைக்க முடியாதது. இன்னொன்று நம் சொந்த அகராதி. "ஆட் டு டிக்ஷனரி" பொத்தானை அழுத்தும்போதெல்லாம் சொற்கள் போய்ச் சேரும் இடம். முதலில் இருக்கும் சொந்த அகராதியின் கோப்புப் பெயர் சாம்பிள், அதன் பின்னொட்டு சி-யு-எஸ். பெரும்பாலும் காணாமல் போவது இதுதான். காரணம், அது வின்டோஸ் பயனரின் ஆப்டேட்டா என்ற மறைவான கோப்புறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. கணினியில் பயனர் பெயர் மாறினாலும், பழைய அமைப்புகளை வேறு கணினிக்குக் கொண்டுபோனாலும், என் மருமகனைப் போல ஒருவர் சுத்தம் செய்தாலும், மென்பொருள் பழைய முகவரியிலேயே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

அது எந்த முகவரி என்று முதலில் பாருங்கள். கட்டளை அடிக்கும் கமாண்ட் லைனில் ஓ-பி என்று அடித்தால் ஆப்ஷன்ஸ் திறக்கும். ஃபைல்ஸ் தாவலில், டெக்ஸ்ட் எடிட்டர், டிக்ஷனரி, ஃபான்ட் மூன்றையும் சேர்த்த தலைப்பு ஒன்று இருக்கும். அதை விரித்தால் முதன்மை அகராதியும் சொந்த அகராதியும் தனித்தனி வரிகளாகத் தெரியும். சொந்த அகராதிக்கு எதிரே இருக்கும் பாதையை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பழைய கணினியின் பயனர் பெயரோ, போன பதிப்பின் ஆண்டோ அதில் இருந்தால் திருடன் அகப்பட்டான். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து, பிரவுஸ் அழுத்திச் சரியான கோப்பைக் காட்டினால் வேலை முடிந்தது. கட்டளையாகவே செய்ய விரும்புகிறவர்களுக்கு டிசிடிகஸ்ட், டிசிடிமெயின் என்று இரண்டு மாறிகள் உண்டு. முன்னது சொந்த அகராதிக்கு, பின்னது முதன்மை அகராதிக்கு.

பாதை சரி, ஆனால் அங்கே கோப்பே இல்லை என்றால்? எனக்கு நடந்தது அதுதான். பதற வேண்டாம். புரோகிராம் ஃபைல்ஸில் ஆட்டோகேட் கோப்புறைக்குள் யூசர்டேட்டாகேஷ் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பயனரும் முதல்முறை மென்பொருளைத் திறக்கும்போது அவருக்கான கோப்புகள் அங்கிருந்துதான் நகலாகின்றன. விதைநெல் கோட்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சப்போர்ட் கோப்புறையில் சாம்பிள் கோப்பைத் தேடி நகலெடுத்து உரிய இடத்தில் ஒட்டுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் நோட்பேடில் வரிக்கு ஒரு சொல்லாக நாலு சொல் எழுதி, பின்னொட்டை சி-யு-எஸ் என்று மாற்றிச் சேமித்தாலும் போதும். அது வெறும் எழுத்துக் கோப்புதான். முதன்மை அகராதியே போயிருந்தால் கையால் ஒட்டுப்போடாமல், கன்ட்ரோல் பேனலுக்குப் போய் மென்பொருளை ரிப்பேர் செய்துவிடுங்கள்.

இந்த முறை நான் சொந்த அகராதியை ஆப்டேட்டாவில் வைக்கவில்லை. டி டிரைவில் ஒரு கோப்புறையில் வைத்து, ஆப்ஷன்ஸில் அந்தப் பாதையைக் கொடுத்திருக்கிறேன். பென் டிரைவில் ஒரு நகலும் உண்டு. அதில் இருப்பவற்றை எந்த அகராதிக்காரரும் தரமாட்டார்: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு, நீடாமங்கலம், எல்லாம் ஆங்கில எழுத்தில், அலுவலகக் கோப்பில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில். காவிரிக்கு சி-யில் தொடங்கும் பழைய வடிவமும் கே-யில் தொடங்கும் புதிய வடிவமும் புழங்குகின்றன. அந்தந்த வேலையின் கோப்பில் எது இருக்கிறதோ அதையே வரைபடத்தில் போடுங்கள். கொள்ளிடமும் சில கோப்புகளில் இன்னும் கோலரூன்தான். ஒரு வேடிக்கை: அனிகட் என்ற சொல்லையும் என் மென்பொருள் தவறு என்றது. அது நம் அணைக்கட்டிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். ஆர்தர் காட்டன் 1836-இல் அணைக்கரையில் கட்டிய கீழணைக்கு லோயர் அனிகட் என்றுதான் பெயர். அதையும் சேர்த்துவிட்டேன்.

அகராதி திரும்பிய பிறகும் வேலை முடிந்துவிடாது. பலரும் சறுக்குவது இங்கேதான். முதன்மை அகராதி அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் மீட்டர், சென்டர் இரண்டையும் நாம் எழுதும் முறை தவறென்று சொல்லும். பட்டியலில் பிரிட்டிஷ் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள். கோட்டு வகையின் பெயரான சென்டர் மட்டும் அமெரிக்க எழுத்திலேயே இருக்கும், அதை மாற்றக் கிளம்ப வேண்டாம்.

அடுத்தது, ஸ்பெல் பெட்டியில் செட்டிங்ஸ். பெரிய எழுத்துச் சொற்களைப் புறக்கணி என்று ஒரு கட்டம் இருக்கிறது. நம் வரைபடங்களில் எல்லாமே ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, அதாவது கேப்பிட்டல். அந்தக் கட்டத்தில் டிக் இருந்தால் மென்பொருள் ஒரு சொல்லைக்கூடப் பார்க்காமல் எல்லாம் சரி என்று சொல்லிவிடும். டிக்கை எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் பிளாக் அட்ரிபியூட்டையும், அதாவது பிளாக்குக்குள் நிரப்பும் எழுத்தையும், சோதிக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போடுங்கள். டைட்டில் பிளாக் எழுத்து அதில்தான் இருக்கிறது. என் 14 வட்டங்களும் அங்கேதான் விழுந்தன.

பாமினி எழுத்துருவில் தமிழ் எழுதியிருந்தால் இன்னொரு கூத்து. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். ஊர்ப்பெயர் ஒவ்வொன்றுக்கும் மென்பொருள் நின்று நின்று கேட்கும். எரிச்சலில் "ஆட் டு டிக்ஷனரி" அழுத்திக்கொண்டே போனால் அகராதி குப்பைமேடாகிவிடும். தமிழ் எழுத்தைத் தனி லேயரில், அதாவது தனி அடுக்கில், வைத்து அந்த லேயரை அணைத்துவிடுங்கள். பிறகு தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் சோதிக்கும்படி வைத்து, மிச்சத்தைச் சுற்றி மவுஸால் ஜன்னல் மாதிரி கட்டம் இழுத்துத் தேர்ந்தெடுங்கள்.

அந்தப் பொத்தானைப் பற்றி இன்னொன்று. என் மருமகன் அவசரத்தில் கல்வெர்ட்டைத் தப்பாக எழுதி அதையும் அகராதியில் சேர்த்துவிட்டான். அன்றிலிருந்து அந்தத் தப்பு எங்கள் கடையில் சரி ஆகிவிட்டது. ஸ்பெல் பெட்டியில் டிக்ஷனரீஸ் அழுத்தினால் சொந்த அகராதியின் சொற்கள் வரிசையாகத் தெரியும். அங்கிருந்து நீக்கினேன். மாதம் ஒருமுறை அந்த வரிசையை மேலிருந்து கீழாகப் பார்க்கிறேன்.

இவ்வளவு செய்தும் அது பிடிக்காத தப்பு உண்டு. சில்ட் என்றால் வண்டல், ஸ்லிட் என்றால் கீறல். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள். தூர்வாரும் வேலையின் வரைபடத்தில் எழுத்து இடம் மாறினால் மென்பொருள் வாயே திறக்காது. பெட் லெவலை ஒருமுறை பேட் லெவல் என்று அடித்திருந்தேன். படுகை மட்டம் கெட்ட மட்டமாகிவிட்டது, ஆற்றைப் பார்த்தால் அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது. அதனால் பிரிண்ட் கொடுப்பதற்கு முன் மருமகனை உரக்கப் படிக்கச் சொல்கிறேன், நான் டீ குடித்துக்கொண்டே கேட்கிறேன்.