லேகாக் கிராமத்தை ஒரு நாளில் பார்ப்பது எப்படி

முடிந்தவரை காலை பத்து மணிக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள். கூட்டம் வருவதற்கு முன் இருக்கும் லேகாக்தான் உண்மையான லேகாக். இங்கிலாந்தின் வில்ட்ஷர் வட்டாரத்தில், சிப்பன்ஹாம் என்ற ஊருக்குத் தெற்கே ஏறக்குறைய 5 கிலோமீட்டர். லண்டன் பேடிங்டனிலிருந்து சிப்பன்ஹாமுக்கு ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரம், அங்கிருந்து பஸ். ஞாயிற்றுக்கிழமை என்றால் திரும்பும் பஸ் நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காரில் வந்தால் ஊருக்கு வெளியே உள்ள பார்க்கிங்கில் விட்டுவிட்டு நடப்பதுதான் சரி.

ஊர் சின்னது, நான்கே தெருக்கள், ஏறக்குறைய சதுரமாக. 1944இல் மாட்டில்டா டால்பட் அம்மையார் பழைய மடத்தோடு சேர்த்து ஊரையும் பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்குக் கொடுத்துவிட்டார், அதனால்தான் தலைக்கு மேலே கம்பிகள் இல்லை, கூரைகளில் ஆன்டெனா இல்லை, சினிமாக்காரர்கள் தேடி வருகிறார்கள். ஆனால் இது செட் இல்லை, அந்த வீடுகளில் வாடகைக்குக் குடும்பங்கள் இருக்கின்றன, ஊர்ப் பிள்ளைகளுக்கு அங்கேயே ஆரம்பப் பள்ளி உண்டு. ஜன்னல்கள் தெருவை ஒட்டியே இருக்கும், தயவுசெய்து எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள்.

அப்புறம் மடம். 1232இல் கன்னியர் மடமாகத் தொடங்கியது. உள்ளே தெற்குக் கூடத்தில் கொஞ்சம் வெளியே துருத்திய ஒரு ஜன்னல் இருக்கிறது, அதை 1835இல் புகைப்படக் கலையின் முன்னோடியான ஃபாக்ஸ் டால்பட் பிடித்த படம் தபால்தலை அளவுதான், இன்றும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய நெகட்டிவ் அது. அவசரப்படாமல் அங்கே நில்லுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு ஜார்ஜ் இன் என்ற பழைய பப். அடுப்படியில் ஒரு மரச் சக்கரம் தெரியும், அதற்குள் நாயை ஓடவிட்டுத்தான் நெருப்பில் இறைச்சியைச் சுழற்றி வாட்டியிருக்கிறார்கள், எனக்கு அந்த நாயை நினைத்து மனசு கஷ்டமாகிவிட்டது. இந்த மாதிரிக் கிராமத்து பப்களில் பெரும்பாலும் நாமே கவுன்டருக்குப் போய் என்ன சாப்பாடு வேண்டும் என்று சொல்ல வேண்டும், சமையலறையை மதியத்துக்கு மேல் மூடிவிடுவதும் உண்டு, ஆகவே ரொம்பத் தாமதிக்காதீர்கள்.

சாப்பிட்ட பிறகு தேவாலயத்தைத் தாண்டி ஓடைப் பக்கம் இறங்கி, வயல் வழியாக ஒரு நடை போய் வாருங்கள். மஞ்சள் அம்புக்குறி இருந்தால் அது பொதுவழி, தைரியமாகப் போகலாம். கேட்டைத் திறந்தால் உடனே மூடுங்கள், உள்ளே ஆடு மாடு மேயும். கோடையில் முழுக்கால் பேன்ட் போடுங்கள், பாதையோரம் காஞ்சொறி போல அரிக்கும் செடி இடுப்பளவு வளர்ந்திருக்கும்.