குளோரின் இல்லாத குளத்தில் முதல் முறை இறங்குகிறீர்களா?

குளோரின் போட்ட குளத்திலிருந்து கண் சிவக்க வெளியே வந்து, "மருந்தை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள்" என்று திட்டாதவர்கள் குறைவு. அந்த எரிச்சலுக்கும் மூக்கைத் துளைக்கும் வாடைக்கும் பெரும்பாலும் குளோராமின்தான் காரணம். குளத்தில் இறங்கியவர்களின் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேரும்போது உண்டாவது அது. கொஞ்சம் சங்கடமான உண்மைதான். இயற்கை நீச்சல் குளத்துக்குப் போகும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அங்கே மருந்து கிடையாது, ஆனால் இறங்குவது அதே மனிதர்கள்தான்.

படி 1: இது எப்படிப்பட்ட குளம்?

ஏரியும் கைவிட்ட கல்குவாரியும் இந்தக் கணக்கில் வராது. இயற்கை நீச்சல் குளம் என்பது திட்டமிட்டுக் கட்டியது. 1980களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் பரவத் தொடங்கிய முறை. அடியில் நீர் கசியாத விரிப்பு, நீந்த ஒரு பகுதி, செடிகளுக்கு ஒரு பகுதி. எளிய அமைப்புகளில் செடிப் பகுதியே கிட்டத்தட்ட பாதி இடத்தை எடுத்துக்கொள்ளும்.

செடிகள் அழகுக்கு என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். பெரிய வேலை நடப்பது அவற்றின் காலடியில், சரளைக்கல்லில். பம்ப் தண்ணீரைக் கற்களின் ஊடே தள்ளும்போது, கல்மேல் வழவழவென்று ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்ப் படலம் அழுக்கைச் சிதைக்கிறது. அம்மோனியா நைட்ரைட் ஆகி, பிறகு நைட்ரேட் ஆகிறது; அதைச் செடிகளின் வேர் உறிஞ்சிக்கொள்கிறது. பாஸ்பரஸும் இப்படிக் குறைந்துவிட்டால் பாசிக்குச் சாப்பாடு கிடைக்காது. நோய்க் கிருமிகளின் கதையை முடிப்பதில் வெயிலுக்கும், தண்ணீரை வடிகட்டித் தின்னும் நீர்த்தெள்ளு போன்ற சிற்றுயிர்களுக்கும் பங்கு உண்டு.

எல்லாம் சரி, ஆனால் இதற்கு நேரம் பிடிக்கும். குளோரின் பெரும்பாலான பாக்டீரியாக்களைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். இங்கே பக்கத்தில் நீந்துபவரிடமிருந்து வரும் கிருமி, உங்கள் வாய்க்குள் போவதற்குள் செத்துவிடும் என்று சொல்ல முடியாது. அதற்காகக் குளோரின் எல்லாவற்றையும் அடக்கிவிடும் என்றும் இல்லை. வயிற்றுப்போக்கைத் தரும் கிரிப்டோஸ்போரிடியம் குளோரின் நீரிலேயே ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். மருந்து போடவில்லை என்பதாலேயே பாதுகாப்பு என்று யாராவது சொன்னால், அவர் குளத்தை விற்க வந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று கேளுங்கள்

என் கணக்கில் இதுதான் முக்கியமான கேள்வி. லண்டன் கிங்ஸ் கிராஸ் பகுதியில் 2015இல் திறந்து 2016இல் மூடிவிட்ட குளத்தில் ஒரு நாளைக்கு 163 பேருக்கு மேல் விடவில்லை. சுவிட்சர்லாந்தின் ரீஹன் ஊரில் 2014இல் திறந்த குளமோ ஒரே நாளில் 2000 பேர் வரை தாங்கும்படி கட்டப்பட்டது. இரண்டிலும் செடிகளும் கற்களும் எவ்வளவு சுத்தம் செய்ய முடியுமோ அதுதான் ஆள் கணக்கு. "கணக்கெல்லாம் இல்லை, எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம்" என்று பதில் வந்தால், துண்டை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

அப்புறம், தண்ணீர்ப் பரிசோதனை முடிவைக் காட்டச் சொல்லுங்கள். ஜெர்மனியின் வழிகாட்டுதல்படி, மலம் கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியாக்களான ஈ. கோலை 100 மில்லி நீரில் 100க்குள்ளும் என்டரோகாக்கஸ் 50க்குள்ளும் இருக்க வேண்டும்.

படி 3: தண்ணீரைப் பாருங்கள்

அடித்தளம் தெரிகிறதா? தெரிய வேண்டும், யாராவது மூழ்கினால் கண்டுபிடிக்கவே அது தேவை. ஆனால் தெளிவான தண்ணீர் கிருமி இல்லாத தண்ணீர் ஆகிவிடாது. கல்லில் நூல்நூலாகக் கொஞ்சம் பச்சைப் பாசி இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பெயின்ட் கொட்டியதுபோல் நீலப்பச்சை நுரையோ படலமோ மிதந்தால் காலைக்கூட நனைக்காதீர்கள். அது நச்சு உண்டாக்கக்கூடிய நீலப்பச்சைப் பாசி. வாத்துக் கூட்டம் மிதக்கிறது, பம்ப் நின்றுகிடக்கிறது, முந்தின நாள் பெருமழையில் வெளித்தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது என்றாலும் இன்னொரு நாள் வரலாம்.

படி 4: சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இறங்குங்கள்

குளிக்கத்தானே போகிறோம், அதற்கு முன் எதற்குக் குளியல் என்று தோன்றும். உடம்பிலிருந்து கழுவிவிடும் வியர்வை, எண்ணெய், சன்ஸ்கிரீன் எல்லாம் அந்த நுண்ணுயிர்களுக்கு மிச்சமாகும் வேலை. சோப்பு நுரை குளத்துக்குள் போகாதபடி நன்றாக அலசிக்கொள்ளுங்கள். முன்பே கழிப்பறைக்குப் போய்விடுங்கள், குழந்தைகளையும் கூட்டிப்போங்கள். வயிற்றுப்போக்கு இருந்தால் வரவே வேண்டாம். காலில் ஆறாத புண் இருந்தாலும் அப்படித்தான்: எலிகள் நடமாடும் இடத்தில் எலிக்காய்ச்சல் கிருமி புண் வழியாக உள்ளே போகலாம்.

படி 5: மெதுவாக இறங்குங்கள்

முதல் முறை நான் படிக்கட்டில் சாதாரணமாகக் கால் வைத்தேன். அடுத்த நொடி உட்கார்ந்திருந்தேன். படிகளிலும் அந்த வழவழப்புப் படலம் இருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள், தலைகீழாகக் குதிக்க வேண்டாம். மேல்நீர் இதமாக இருந்தாலும் கால் எட்டும் ஆழத்தில் சில்லென்று இருக்கும். திடீர்க் குளிரில் மூச்சு வாங்கும் என்பதால் உடம்பைப் பழக்கிக்கொண்டு போங்கள்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் நாளில் கிளிப் போட்டோ விரலால் பிடித்தோ மூக்கை மூடிக்கொள்ளுங்கள். சூடான நன்னீரில் வாழும் நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகும். மிக அபூர்வம், ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. நீந்திய இரண்டு வாரத்துக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி வந்தால் டாக்டரிடம் குளத்தில் நீந்தியதை முதலில் சொல்லுங்கள்.

படி 6: இனி அனுபவிக்கலாம்

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் நான் ஏன் போகிறேன்? கண்ணைத் திறந்து நீந்தினால் எரியாது. முடி நார்போல் ஆகாது. மூக்கில் வருவது ஈரமண் வாசனை. செடிப் பகுதியின் ஓரம் மிதந்தபடி அசையாமல் இருந்து பாருங்கள், ஒரு தட்டான் வந்து தலையிலேயே உட்காரும். அதன் குஞ்சுகள் தண்ணீருக்குள் கொசுப்புழுவைத் தின்று வளர்கின்றன. செடிகளுக்கு நடுவே மட்டும் நீந்தாதீர்கள், அவற்றின் வேரைக் கலக்கினால் மறுநாள் குளமே கலங்கிக் கிடக்கும்.

வெளியே வந்ததும் இன்னொரு குளியல் போட்டு, காதை நன்றாகத் துவட்டிக்கொள்ளுங்கள். நீச்சல் உடையை அலசிக் காயப்போட்டுவிட்டுக் கரையில் கொஞ்சம் உட்கார்ந்திருங்கள். ஆட்கள் போனதும் தவளைகள் ஆரம்பிக்கும்.