கடலோரக் கல்யாணத்துக்கு மேடைப் பூ அலங்காரம்: அளவும் நேரமும்

பாம்பன், ஏர்வாடி, தொண்டி பக்கம் திறந்த பந்தலில் கல்யாணம் என்றால், எந்தப் பூ என்று யோசிக்கும் முன் காற்றைப் பாருங்கள். வைகாசி முதல் ஆவணி வரை தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் அடிக்கும். தையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். மணமக்கள் கிழக்கு பார்த்து உட்காருவதால் மேடையின் முதுகு மேற்கே இருக்கும். ஆவணி முகூர்த்தத்தில் காற்று முதுகில்தான் படும், சமாளித்துவிடலாம். தை முகூர்த்தத்தில் முகத்திலேயே அறையும். அப்போது வடக்குப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் கிடுகு வைத்து மறைத்த பிறகே பூவைத் தொட வேண்டும்.

சட்டத்துக்குச் சவுக்குக் கம்பு போதும். ஆனால் மணல் கம்பைப் பிடித்து நிறுத்தாது. குழி தோண்டி நட்டாலும், ஒவ்வொரு காலுக்கும் மணல் நிரப்பிய சிமெண்டுச் சாக்கு இரண்டை முட்டுக் கொடுங்கள். பின்திரைக்கு ஃப்ளெக்ஸ் வேண்டாம். பாய்மரம் போலக் காற்றை வாங்கிச் சட்டத்தையே சாய்த்துவிடும். காற்று ஊடுருவும் வலைத்துணி கட்டுங்கள். சாதாரணக் கட்டுக்கம்பி உப்புக் காற்றில் துருவேறி வெள்ளைத் துணியில் கறை விடும். சணல் கயிறு நல்லது.

12 அடி அகலம், 8 அடி உயரமுள்ள பின்திரைக்குக் கணக்கு இது: அரை அடிக்கு ஒரு சரம் தொங்கவிட்டால் 25 சரம், மொத்தம் 200 அடி. நெருக்கிக் கோத்த செண்டுப்பூ கிலோவுக்குச் சுமார் 12 அடி வரும் என்று வைத்தால் 17 கிலோ, கழிவுக்கு இரண்டு கிலோ சேர்த்து 19. பூவின் பருமன் வாரத்துக்கு வாரம் மாறும். அதனால் முதல் கிலோவைக் கோத்து அளந்துவிட்டு மீதிக்குச் சொல்லுங்கள். கோக்க மீன்வலைக்குப் போடும் முறுக்கு நூல் அருமையாக நிற்கும். தங்கூசி என்கிற வழுவழுப்பான ஒற்றை நைலான் இழை வேண்டாம்: முடிச்சு நழுவும், பூவின் காம்பையும் அறுத்துவிடும். சரத்தை மேலே மட்டும் கட்டித் தொங்கவிட்டால் காற்றில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விடியும் முன் பாதிப் பூ கீழே கிடக்கும். அடியிலும் ஒரு கயிறு ஓட்டி, ஒவ்வொரு சரத்தையும் அதில் முடிய வேண்டும்.

தூண்களிலும் முகப்பிலும் பூவைக் குறைத்துக் குருத்தோலையைக் கூட்டுங்கள். காற்றுக்கு அசராத அலங்காரம் அதுதான். பார்வைக்கும் இந்த மண்ணின் கல்யாணம் என்று தெரியும். பனங்குருத்து விறைப்பாக நிற்கும், தென்னங்குருத்து மடிக்கச் சுலபம். ஒரே மரத்தில் குருத்து முழுவதையும் எடுத்தால் மரம் கெடும், பல மரங்களில் பிரித்து வெட்டச் சொல்லுங்கள். ஈரத்துணியில் சுற்றினால் மறுநாள் வரை வாடாது.

தண்ணீர் விஷயத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வாயில் விட்டுப் பாருங்கள். கரித்தால் அது பூவுக்கு ஆகாது. உப்புத் தண்ணீரில் நின்ற ரோஜா, தண்ணீரிலேயே இருந்தும் தலை தொங்கும். குடிதண்ணீரையோ கேன் தண்ணீரையோ வாங்கிவிடுங்கள். ரோஜாத் தண்டை ஓர் அங்குலம் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் போகும் இலைகளைக் கிள்ளி, கழுத்தளவுத் தண்ணீரில் மூன்று மணி நேரம் நிழலில் வையுங்கள். ஜெர்பராவுக்கு இரண்டு மூன்று அங்குலத் தண்ணீர் போதும், மேலே போனால் தண்டு அழுகும். பூக்காம்பைக் குத்தி நிறுத்தும் நுரைக்கட்டியான ஒயாசிஸ் ஒன்று ஏறக்குறைய இரண்டு லிட்டர் குடிக்கும். அதைத் தண்ணீரின் மேல் வைத்துத் தானாக மூழ்க விடுங்கள். கையால் அமுக்கினால் வெளியே நனைந்து உள்ளே காய்ந்திருக்கும், அங்கே குத்திய பூ காலையில் கருகும்.

பூ வைக்கும் அறையில் பழுத்த வாழைத்தார் இருக்கவே கூடாது. பழத்திலிருந்து வரும் வாயு கார்னேஷனை மூட வைக்கும், ரோஜா இதழை உதிர்க்கும். மீன் ஏற்றிய தெர்மோகோல் பெட்டியும் வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் வாடை மல்லிகையில் ஏறும்.

மல்லிகை, வாங்கும் அன்று காலை பறித்த மொட்டாக இருக்க வேண்டும், அந்தி சாய்ந்ததும் விரியத் தொடங்கிவிடும். காலை ஆறு மணி முகூர்த்தத்துக்கு மொட்டைத் தொடுத்து, ஈரத்துணியில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் இதழ் கருத்துவிடும். நடுவில் வாழை இலையை இரண்டு மடிப்பாகப் போடுங்கள். தங்கச்சிமடம் மல்லிகை நாற்றுக்குப் பேர் போன ஊர். அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் மொட்டு கிடைக்குமா என்று முதலில் விசாரித்துவிட்டு, கிடைக்காததற்கு மட்டும் மதுரை மாட்டுத்தாவணிக்குச் சொல்லுங்கள். முகூர்த்த நாளில் விலை பல மடங்கு ஏறும், முன்பணம் கொடுத்து வைப்பது நல்லது. வண்டியை வெயிலுக்கு முன் கிளப்பி, மூட்டை மேல் நனைத்த சாக்கு போடச் சொல்லுங்கள்.

வேலை வரிசை: முதல் நாள் காலை ரோஜாவுக்குத் தண்ணீர், மதியம் சரம் கோப்பது, மாலை சட்டமும் ஓலையும், இரவு பத்துக்கு மேல் செண்டு, விடிகாலை மூன்று மணிக்கு ரோஜாவும் மல்லிகையும். தேவாலயத்தில் மாலைக் கல்யாணம் என்றால் இதே வரிசையை அன்று காலைக்குத் தள்ளுங்கள். திரை வேலை குறைவு, பீடமும் இருக்கை ஓரங்களும்தான்.

ஹோமகுண்டத்துக்கு நேர் மேலே பூ தொங்கவிடாதீர்கள், புகையும் சூடும் சில நிமிடத்தில் வாட்டிவிடும். மணமக்கள் மாலைக்கு நீலச் சாயம் ஏற்றிய பூவைத் தொடவே வேண்டாம். ஈரம் பட்டால் சாயம் பட்டுப் புடவையில் இறங்கும், எந்த வண்ணானாலும் எடுக்க முடியாது. கலைக்கும்போது வலைநூலையும் ஒயாசிஸையும் தனிச் சாக்கில் கட்டுங்கள். இரண்டும் மட்காதவை, கடலுக்குப் போகக் கூடாது.